ஆறு ஆண்டுகள், ஒரு ஜோடி ரிவால்வர், கருமருந்துத் தோட்டா

கருமருந்து, அதாவது அந்தக் காலத்துத் துப்பாக்கி மருந்து, அடைத்த தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிச் சுடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் உறுதியாகப் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. எந்த மருந்து, எவ்வளவு மருந்து என்பதெல்லாம் அப்புறம்தான். குண்டின் இடுப்பைச் சுற்றித் தடவியிருக்கும் மெழுகு என்ன மெழுகு என்பதுதான் ரிவால்வர் நாள் முழுக்கச் சுழலுமா, பாதியில் நின்றுவிடுமா என்பதை முடிவு செய்கிறது. புதிதாக வருகிறவர்கள் யாரும் முதலில் இதைக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

நான் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில். மாதம் ஒருமுறை கௌபாய் துப்பாக்கிச் சுடும் போட்டிக்குப் போவேன். சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி விதிகளின்படி நடக்கும் போட்டி. ஆளுக்கு இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன். கருமருந்து மட்டுமே சுடுகிறவர்களுக்குத் தனிப்பிரிவு உண்டு. என்னிடம் இருப்பவை 1873 ஆம் ஆண்டில் வந்த, கோல்ட் (Colt) நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியைப் பார்த்து இத்தாலியில் செய்த இரண்டு நகல்கள். தோட்டா .45 கோல்ட். ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, குதிரையை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியை, காலி அறையின் மேல் இறக்கி வைப்பது வழக்கம். ஆக ஒரு சுற்றுக்குப் பத்துத் தோட்டா. ஆறு சுற்று என்றால் ரிவால்வருக்கு மட்டும் 60.

மருந்தின் அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தொடங்குவது அங்கேதான். .45 கோல்ட் பிறந்தபோது அதன் முழு அளவு 40 கிரெய்ன் கருமருந்து, 255 கிரெய்ன் ஈயக் குண்டு. ஒரு கிராம் என்பது சுமார் 15.4 கிரெய்ன், அப்படிக் கணக்குப் போட்டால் மருந்து 2.6 கிராம், குண்டு 16.5 கிராம். அது குதிரைப்படைக்கு வந்த கைத்துப்பாக்கி. உதை பலமாக இருந்ததால் அமெரிக்க ராணுவம் கொஞ்ச காலத்திலேயே மருந்தை 30 கிரெய்னுக்குக் குறைத்துக்கொண்டது. இன்று கடையில் வாங்கும் பித்தளைக் கூட்டில் அந்த 40 கிரெய்னை அடைக்க முடியாது. அந்தக் காலத்துக் கூட்டின் அடிப்பகுதி மெல்லியதாக, உள்ளே குழிவாக இருந்தது. இன்றைய கூட்டின் அடி கனமானது, அதனால் உள்ளே இடம் குறைவு. என் கூடுகளில் இயல்பாக உட்காருவது 35 கிரெய்ன். கருமருந்தை எடையால் அல்ல, கொள்ளளவால் அளப்பார்கள். 

கருமருந்தில் ஒரு சலுகை இருக்கிறது, ஒரு கட்டளையும் இருக்கிறது. இன்றைய தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தில் கூட்டின் அடியில் கொஞ்சமே மருந்து இருக்கும், கவனம் தப்பினால் இரண்டு முறை போட்டுவிடலாம், துப்பாக்கி உடைந்துவிடும். கருமருந்தில் கூடே நிரம்பிவிடுவதால் அந்த ஆபத்து இல்லை. இது சலுகை. கட்டளை என்னவென்றால், குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் காற்று இருக்கக் கூடாது. இடைவெளி விட்டால் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து அறையில் வளையம் போல் வீக்கம் விழலாம். குறைவாகச் சுட வேண்டுமானால் மருந்தைக் குறைத்துவிட்டு, மிச்ச இடத்தை சோளமாவு போன்ற நிரப்பியால் அடைக்க வேண்டும். நான் முழுசாகவே நிரப்பிவிடுவேன். தோட்டா நிரப்பும் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கும்போது குண்டு மருந்தைத் தொடும் இடம் விரலுக்குத் தெரியும். அதுவரை வழுக்கிக்கொண்டு வந்த கைப்பிடி, கடைசி இரண்டு மில்லிமீட்டரில் ஈரமணலை மிதித்தது போல நெருநெருவென்று அழுந்தும். முடித்த தோட்டாவைக் காதருகே பிடித்துக் குலுக்கினால் ஒரு சத்தமும் வரக் கூடாது. ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு தோட்டாவையும் குலுக்கித்தான் பெட்டியில் அடுக்குகிறேன்.

மருந்து அளக்க பிளாஸ்டிக் புனல் கொண்ட சாதாரண அளவியைப் பயன்படுத்த வேண்டாம். அலுமினியக் குடுவையோடு கருமருந்துக்கென்றே வருவதை வாங்குங்கள். கருமருந்து ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும், நிலைமின்சார விஷயத்தில் விளையாடக் கூடாது. நிரப்பும் மேசையில் ஒரு சமயத்தில் ஒரே டப்பாதான் திறந்திருக்கும். மருந்தைக் கடையிலிருந்து மட்டுமே வாங்குகிறேன். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகளுக்கு நான் இங்கே சொல்லும் அளவும் அழுத்தமும் பொருந்தாது. அவற்றுக்கு அந்தந்த டப்பாவில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

சரி, மெழுகுக்கு வருகிறேன்.

முதல் போட்டிக்கு ஆசையோடு நூறு தோட்டா நிரப்பிக்கொண்டு போனேன். கடையில் கிடைத்த சாதாரண ஈயக் குண்டுகள், மேலே கிரேயான் மாதிரி கெட்டியான நீல மெழுகு. முதல் சுற்று அருமை. இரண்டாவது சுற்றில் குதிரையை இழுக்கக் கட்டைவிரலுக்குக் கூடுதல் பலம் தேவைப்பட்டது. மூன்றாவதில் வலக்கை ரிவால்வரின் சிலிண்டர் நின்றேவிட்டது. இடக்கையால் பிடித்துத் திருப்பினாலும் அசையவில்லை. வெயில் அன்று நாற்பது டிகிரிக்கு மேல். குழலுக்குள் விரல் நுழையும் இடத்தில் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்லில் தீய்ந்து ஒட்டிய கரி போல, வறண்டு இறுகிய கருப்பு ஓடு.

காரணம் மருந்திலேயே இருக்கிறது. 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இது எரியும்போது எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடமாகவே மிஞ்சுகிறது. நாம் பார்க்கிற வெள்ளைப் புகையே காற்றில் மிதக்கும் அந்தத் துகள்கள்தான். வெளியே போகாத மிச்சம் குழலிலும் சிலிண்டர் முகத்திலும் படிகிறது. அந்தப் படிவு ஈரமாக, கொழகொழப்பாக இருந்தால் அடுத்த குண்டு அதைத் துடைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். காய்ந்தால் ஓடுதான். கெட்டி மெழுகு புகையில்லா மருந்துக்காகச் செய்தது, அதற்கு இந்தப் படிவை இளக்கி வைக்கத் தெரியாது. பெட்ரோலியம் கலந்த எண்ணெய்கள் இன்னும் மோசம், படிவோடு சேர்ந்து தார் போல ஆகிவிடும்.

கூட வந்திருந்த ஒரு பெரியவர், எத்தனையோ ஆண்டுகளாகக் கருமருந்து சுடுகிறவர், தன் பெட்டியிலிருந்து ஒரு குண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இடுப்பில் அகலமான ஆழமான பள்ளம், அது நிறைய வெண்ணெய் போன்ற மஞ்சள் மெழுகு. நகம் பட்டாலே உள்ளே இறங்கியது. தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும், அவ்வளவுதான் என்றார்.

அன்றிலிருந்து நானும் அதையேதான் செய்கிறேன். இரண்டையும் சம எடை எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்குவேன். கேக் தட்டில் குண்டுகளை நிற்க வைத்து, பள்ளம் மூழ்கும் வரை ஊற்றி ஆறவிடுவேன். அப்புறம் அடி அறுத்த பழைய கூடு ஒன்றைக் குண்டின் தலை வழியாக அழுத்தி எடுத்தால், பிஸ்கட் வெட்டுவது போலக் குண்டு மெழுகோடு கழன்று வரும். இந்தப் பாத்திரமும் தட்டும் சமையலறைக்குத் திரும்பப் போகக் கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஈயம் தொட்ட கை அது. மெழுகு போதுமா என்று தெரிந்துகொள்ள குழலின் வாயைப் பார்த்தால் போதும். பத்துத் தோட்டா சுட்டபின் வாயைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி ஈரப் பிசுக்கு தெரிந்தால் எல்லாம் சரி. வறண்ட சாம்பல் நிறம் தெரிந்தால் மெழுகு போதவில்லை.

அரிசோனா வெயில் இதிலும் ஒரு பாடம் வைத்திருந்தது. ஒரு ஜூலையில் தோட்டாப் பெட்டியைக் காரின் டிக்கியில் மறந்துவிட்டேன். அடுத்த நாள் சுட்டபோது நான்காவது தோட்டாவின் சத்தம் மெலிந்து வந்தது. உடனே நிறுத்தி, குழலில் குண்டு சிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மீதியைக் கழற்றிப் பார்த்தால், கொழுப்பு உருகி இறங்கி மருந்தின் மேல்பகுதி கட்டி தட்டியிருந்தது. இப்போது மே முதல் செப்டம்பர் வரை தேன்மெழுகைக் கூட்டிக்கொள்கிறேன், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் மெல்லிய அட்டை வட்டு ஒன்றும் வைக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு தோட்டாகூட அப்படி ஆகவில்லை.

ரிவால்வரின் அமைப்பும் முக்கியம். கோல்ட் வடிவத்தில் சிலிண்டரின் முன்புறம் நடுவில் ஒரு வளையம் துருத்திக்கொண்டு நிற்கும். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையில் சீறும் புகை நேராக அச்சுக் கம்பிக்குப் போகாமல் அது தடுத்துவிடும். நல்ல மெழுகும் இந்த வளையமும் சேர்ந்தால் 30 தோட்டா துடைக்காமல் போகிறது. நான் நம்பிக்கைக்காக மூன்று சுற்றுக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிடுகிறேன், அரை நிமிட வேலை.

சுத்தம் செய்வதைப் பற்றி ஊரெல்லாம் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். இந்தப் படிவு தண்ணீரில் கரையும். மரப்பிடியைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ். நீர் பட்டதும் அழுகிய முட்டை நாற்றம் எழும், கந்தகத்தின் வேலை. துணி வெள்ளையாக வரும்வரை குழலைத் துடைத்து, நன்றாக உலர்த்தி, பாலிஸ்டால் எண்ணெய் பூசினால் முடிந்தது. 1904 இல் ஜெர்மனியில் வந்த எண்ணெய் அது, தண்ணீரில் கலந்தால் பால் போல வெளுக்கும். போட்டி முடிந்த கையோடு துடைக்க ஒரு பங்கு எண்ணெய், ஏழு பங்கு தண்ணீர் கலந்து புட்டியில் வைத்திருக்கிறேன். ஒரு ரிவால்வருக்கு இருபது நிமிடம். ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டும். படிவு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் ஓர் இரவே துருவுக்குப் போதும்.

பித்தளைக் கூடுகளுக்கும் அதே அவசரம்தான். சுட்ட கூடுகளை சோப்புத் தண்ணீர் ஜாடியில் அங்கேயே போட்டுவிடுவேன், கார் ஓடும் குலுக்கலிலேயே பாதி அழுக்கு போய்விடும். ஒருமுறை ஒரு வாரம் பையிலேயே கிடந்த கூடுகள் பச்சை பூத்து, உள்ளே குழிவிழுந்து, முப்பதை எறிய வேண்டியதாயிற்று. சரியாகக் கழுவியவற்றில் பல பத்துமுறைக்கு மேல் நிரப்பியும் இன்னும் ஓடுகின்றன. புதுசு போல மின்னாது, கருமை இருக்கும். அதனால் ஒன்றும் குறையில்லை.

மருந்து ஒரு பவுண்டு வாங்கினால் 7000 கிரெய்ன், 35 வீதம் 200 தோட்டா, ரிவால்வருக்கு மட்டும் என்றால் மூன்று போட்டிக்கு வரும். நடுவில் ஒரு கஷ்டகாலம் வந்தது. லூசியானாவில் கருமருந்து செய்துகொண்டிருந்த கோயெக்ஸ் ஆலை மூடப்போவதாக 2021 இல் அறிவிப்பு வந்ததும் கடைகளில் டப்பா கிடைக்கவில்லை. 2022 இல் மாடல் ராக்கெட் செய்யும் எஸ்டெஸ் நிறுவனம் அதை வாங்கியது. அந்த இடைவெளியில்தான் ஸ்விஸ் மருந்துக்கு மாறினேன். விலை கூடுதல், வேகமும் கூடுதல். படிவு மட்டும் நான் முன்பு சுட்டதைவிட ஈரமாக இருக்கிறது, இந்த வறண்ட ஊரில் அதற்காகவே கொடுக்கலாம். மருந்து மணியின் பருமனை எஃப் எழுத்துகளால் சொல்வார்கள், இரண்டு எஃப் மணிதான் எனக்குப் பிடித்தது. மூன்று எஃப் இன்னும் பொடி, உதை கூடுகிறது, இலக்கில் குழிகள் பரவுகின்றன.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று. ரைஃபிளும் கருமருந்தில் சுடப்போகிறீர்கள் என்றால், ரிவால்வரையும் சேர்த்து .44-40 பற்றி யோசியுங்கள். 1873 வின்செஸ்டர் ரைஃபிளோடு வந்த தோட்டா அது. கூட்டின் கழுத்து மெல்லியது, சுட்டதும் விரிந்து அறையை அடைத்துக்கொள்ளும், கரி பின்னால் கசியாது. என் .45 ரைஃபிளில் ஒவ்வொரு கூடும் பாதி உயரத்துக்குக் கரி பூசிக்கொண்டுதான் வெளியே வருகிறது. ரிவால்வருக்கு மட்டும் என்றால் .45 கோல்ட் போதும். நிரப்புவது சுலபம், கூடும் எங்கும் கிடைக்கும்.

பிப்ரவரியில் பென் ஏவரி மைதானத்தில் நடக்கும் விண்டர் ரேஞ்ச் போட்டிக்காக இந்த வாரம் 400 நிரப்ப வேண்டும். குளிர்காலக் கலவை, மெழுகும் கொழுப்பும் சரிபாதி. தட்டில் முதல் ஐம்பது குண்டுகள் ஆறிக்கொண்டிருக்கின்றன.