வேலூர் வெயிலில் வின்டேஜ் போர்ட்: பல ஆண்டு வைத்துப் பார்த்த அனுபவம்

ஒரே ஆண்டு அறுவடையில் செய்த இனிப்பு ஒயினான வின்டேஜ் போர்ட்டை நம் ஊரில் வீட்டிலேயே வைத்து முதிர விடலாமா என்றால், விடலாம். ஆனால் புத்தகம் சொல்லும் ஆண்டுக் கணக்கை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

என்னிடம் இருந்தவை 2003ஆம் ஆண்டு அறுவடையின் பாட்டில்கள். லண்டனில் இருக்கும் மைத்துனர் ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுத்தவை. பாதியை 14 டிகிரியில் ஒயின் குளிர்பெட்டியில் வைத்தேன். மீதியைக் காட்பாடி வீட்டின் உள்ளறையில், வெளிச்சம் படாத மர அலமாரியின் அடித்தட்டில் படுக்க வைத்தேன். வேண்டுமென்றேதான், வித்தியாசத்தைப் பார்த்துவிடும் ஆசை.

போர்ட் தயாராகும் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில், திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இனிப்பு தங்கிவிடுகிறது. ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. வின்டேஜ் வகை பீப்பாயில் இருப்பது சுமார் இரண்டு ஆண்டுதான். பிறகு வடிகட்டாமலே பாட்டிலுக்குள் போய்விடும். மிச்ச முதிர்ச்சி எல்லாம் கண்ணாடிக்குள். 20, 30 ஆண்டு தாங்கும் என்பது குளிர்ந்த நிலவறையை வைத்துச் சொன்ன கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் நிலவறைக்கு எங்கே போவது? வேலூரைக் கிண்டலாகச் சொல்லும் ‘தண்ணீர் இல்லாத ஆறு’ பட்டியலில் ‘குளிர்ச்சி இல்லாத உள்ளறை’யையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. முதல் சில ஆண்டுகள் அலமாரிப் பாட்டில்தான் ஜெயித்தது. குளிர்பெட்டியில் இருந்தது நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்போடு முரண்டு பிடிக்க, அலமாரியில் இருந்ததோ பதமாக இளகி, உலர்ந்த அத்திப்பழ வாசனையோடு குடிக்கத் தயாராக இருந்தது. வெப்பம் முதிர்ச்சியை விரட்டுகிறது. பேராசைக்காரனுக்கு அது லாபமாகவே தெரியும்.

சரிவு வந்தபோது மளமளவென்று வந்தது. ஒரு கோடையில் மனைவி, “ஏங்க, உங்கள் பாட்டிலை எறும்பு கண்டுபிடித்துவிட்டது” என்றார். வெப்பத்தில் விரிந்த ஒயின் கார்க்கைத் தள்ளி, கழுத்து உறையின் அடியில் கசிந்து, வெல்லப்பாகு போல இறுகியிருந்தது. திருகியை ஏற்றியதும் கார்க்கின் மேல்பாதி மட்டும் வந்தது. கீழ்பாதி பொடிந்து உள்ளே விழுந்தது. பழைய வேட்டித் துணியில் வடித்துப் பார்த்தால் செங்கல் தூள் நிறம். பழவாசனை போய், பழைய நிலக்கடலையும் லேசான காடி நெடியும். நடுநாக்கில் ஒன்றுமே இல்லை. தொண்டையில் சாராயம் மட்டும் சுட்டது. அதே ஆண்டின் குளிர்பெட்டிப் பாட்டில் இன்றும் கருஞ்சிவப்பாக, துவர்ப்பு அடங்கி, நன்றாக இருக்கிறது. மின்வெட்டு நேரங்களைக் கூடத் தாங்கிவிட்டது.

குளிர்பெட்டி இல்லாதவர்கள் வாங்கிய சில ஆண்டுகளிலேயே திறந்துவிடுவது நல்லது. திறப்பதற்கு முதல் நாள் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கும். திறந்தபின் இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். அவசரம் பிடிக்காதவர்களுக்கு டானி போர்ட் பொருத்தம். 10 ஆண்டு, 20 ஆண்டு என்று லேபிளில் போட்டிருக்கும் முதிர்ச்சியைப் பீப்பாயிலேயே முடித்துவிட்டு வருவது அது. திறந்த பிறகும் ஃபிரிட்ஜில் சில வாரம் நிற்கும். மைத்துனரிடம் இப்போது அதைத்தான் கேட்கிறேன்.