ஐ.எம்.எஸ். பேரிங் வாங்குபவர்களுக்கு: பார்சல் வந்த அன்றைக்கே பிரித்துப் பாருங்கள்

அமெரிக்காவில் இருக்கிறேன். என்னிடம் 2003 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் இருக்கிறது, 2.7 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர். ஆறு வருடமாக அதன் வேலையெல்லாம் வீட்டு கராஜில் நானே செய்துகொள்கிறேன். இந்த வருடம் ஐ.எம்.எஸ். பேரிங்கையும் (எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங்) பின்பக்க கிராங்க் சீலையும் (கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்ற இறங்கினேன். போலிச் சாமானை என் தலையில் கட்டிவிட்டார்கள், பணமும் திரும்பி வரவில்லை. இதே வேலைக்குச் சாமான் தேடிக்கொண்டிருப்பவர்கள் காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் நேராக வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்றுவதில்லை, நடுவில் ஒரு இடைத்தண்டு (இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐ.எம்.எஸ்.) உண்டு. கிராங்க் அதைச் சங்கிலியால் சுழற்றும், அதிலிருந்து வேறு சங்கிலிகள் கேம்ஷாஃப்டுகளுக்குப் போகும். அந்தத் தண்டின் ஃப்ளைவீல் பக்க முனையைத் தாங்குவது ஒரு சின்ன பால் பேரிங். உள்ளே கிரீஸ் வைத்து மூடி வருவது. வருடக்கணக்கில் ஓடியதும் மூடியின் ரப்பர் இறுகிவிடும், எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடும். அப்புறம் குண்டுகள் காய்ந்தும் காயாமலும் ஓடித் தேயும். பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், சங்கிலி பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் மோதும். அத்தோடு எஞ்சின் போச்சு. வேறு பழைய எஞ்சின் வாங்கி ஏற்றினால்கூட வண்டியின் விலையைத் தொட்டுவிடும்.

இதற்காக இங்கே கூட்டு வழக்கு நடந்து, 2001 முதல் 2005 வரையிலான மாடல் வருட வண்டிகளுக்கு 2013இல் சமரசம் ஆனது. அதில் உதவி கிடைக்கும் காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று இந்த வண்டியை வைத்திருப்பவர் தன் காசில்தான் மாற்ற வேண்டும். போலிச் சாமான் விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நவம்பர் கடைசியில், தள்ளுபடி நாட்களில், ஓர் இணையக் கடையில் முழு கிட்டாக வாங்கினேன். பீங்கான் குண்டு போட்ட ஹைப்ரிட் பேரிங், பின்பக்க சீல், ஐ.எம்.எஸ். துளையை மூடும் மூடியின் சீல், அந்த மூடிக்கு மூன்று போல்ட். மற்ற இடங்களில் 700 டாலருக்கு மேல் கேட்டதை இவர்கள் 430க்குக் கொடுத்தார்கள். டிசம்பர் முதல் வாரம் பார்சல் வந்தது. பெட்டி பார்க்க நன்றாக இருந்தது, பிளாஸ்டிக் உறை, முத்திரை, ஹோலோகிராம் எல்லாம் இருந்தன. உறையைக் கிழித்தால் தூசி படுமே என்று அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். நான் செய்த தவறு இதுதான்.

ஏப்ரல் நடுவில், குளிர் விட்டதும் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். முதல் வேலையாக ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன். உலோகத் தூள் இல்லை. இதை யாரும் விட்டுவிடாதீர்கள். தூள் இருந்தால் அது ஏற்கெனவே எஞ்சின் முழுக்கப் பரவியிருக்கும், புது பேரிங் போட்டுப் பயனில்லை. கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் இறக்க ஒரு சனி ஞாயிறு முழுதும் போனது. கிராங்கையும் கேமையும் பூட்டி, சங்கிலி டென்ஷனர்களைக் கழற்றிவிட்டு, பழைய பேரிங்கைப் புல்லர் போட்டு இழுத்தேன். கையில் எடுத்துச் சுற்றினால் கிரீஸ் துளியும் இல்லை, கறுத்த ஆயில்தான் வழிந்தது. லேசான ஆட்டமும் இருந்தது. நல்ல நேரத்தில் எடுத்தோம் என்று மனசு நிறைந்தது.

அப்புறம்தான் புது கிட்டைப் பிரித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது போல்ட். இந்த மூடி போல்ட்டுகளின் மரையில் ஆயில் கசியாமலிருக்கக் காய்ந்த பசைப் பூச்சு இருக்கும். வந்த மூன்றும் வெறும் போல்ட். அடுத்து சீல். இப்போது இந்த எஞ்சினுக்குப் போடுவது டெஃப்லான் உதடு உள்ளது, ஸ்பிரிங் கிடையாது, ஆயில் தடவாமல் உலர்வாகவே 13 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறக்க வேண்டும். எனக்கு வந்தது உள்ளே ஸ்பிரிங் சுற்றிய பழைய வகை ரப்பர் சீல்.

சந்தேகம் வந்ததும் பேரிங்கை விளக்கின் கீழே கொண்டுபோனேன். ஒரு பக்கம் திறந்திருக்கும், குண்டுகள் தெரியும். கறுப்பாக, பளபளப்பாகத்தான் இருந்தன. காந்த முனை கொண்ட ஸ்க்ரூடிரைவரை வளையத்தில் படாமல் குண்டின்மேல் மட்டும் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஹைப்ரிட் பேரிங்கில் வளையம் ஸ்டீல், அதில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். ஆனால் குண்டு சிலிக்கான் நைட்ரைடு, அதில் ஒட்டவே ஒட்டாது. பிரேக் கிளீனரில் துணியை நனைத்து ஒரு குண்டை அழுத்தித் தேய்த்தேன். துணியில் கறுப்பு வந்தது, குண்டில் வெள்ளி நிறம் தெரிந்தது. சாதாரண ஸ்டீல் குண்டுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்! வளையத்தின் எண்ணும் அதே துணியில் பாதி அழிந்துபோனது. நிஜ பேரிங்கில் அந்த எண் பொறித்திருக்கும், துடைத்தால் போகாது.

கடைக்குப் போன் செய்தேன். குண்டின் மேற்பரப்புதான் பீங்கான், உள்ளே ஸ்டீல் என்றார் பேசியவர். அப்படி ஒரு குண்டு இந்த பேரிங்கில் கிடையாது. படம் எடுத்து அனுப்பினேன். உறையைப் பிரித்தாயிற்று, கிளீனர் பட்டுவிட்டது, திரும்ப எடுக்க முடியாது என்று பதில் வந்தது. அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை. கார்டு கொடுத்த வங்கியிலும் கதவு அடைத்துவிட்டது. தப்பான சாமான் வந்தால் முதல் பில் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது இங்கே சட்டம். என் பில் டிசம்பரில் வந்தது, நான் எழுதியது ஏப்ரலில். குளிர்காலத்தில் வாங்கி வசந்தத்தில் மாட்டும் நம்மைப் போன்றவர்கள்தான் இதில் சரியாக மாட்டிக்கொள்கிறோம்.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன், சாமான் வந்த அன்றைக்கே பிரியுங்கள். தூசிக்குப் பயந்தால் சுத்தமான ஜிப் பையில் போட்டு மூடி வையுங்கள். காந்தம், கிளீனர், சீலில் ஸ்பிரிங், போல்ட்டில் பூச்சு, நாலையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். எஸ்கேஎஃப், ஷேஃப்ளர் போன்ற நிறுவனங்கள் தங்கள் பேரிங் அசலா என்று சரிபார்க்கவே செயலி வைத்திருக்கின்றன, அதையும் பயன்படுத்துங்கள். கிட் தயாரிப்பவருக்கே எழுதி, இந்தக் கடை உங்கள் விற்பனையாளரா என்று கேளுங்கள். நான் இரண்டாவது முறை அப்படிக் கேட்டுத்தான் வாங்கினேன், மறுநாளே பதில் வந்தது.

அது வரும்வரை மூன்று வாரம் வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது. ஐ.எம்.எஸ். துளையைச் சுத்தமான துணியால் மூடி, மேலே டேப் ஒட்டி, தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பேரிங்கில் காந்தத்தைக் குண்டின்மேல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய் வளையத்தில்தான் ஒட்டியது. அதைப் போட்டு இதுவரை 2,000 மைல் ஓட்டிவிட்டேன். மூடி, சீல் இரண்டிலும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் திறக்க அவர்களுக்கு ஒரு நாள் போதும், அதனால்தான் சாமானைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று இவ்வளவு எழுதினேன். நேற்று போய்ப் பார்த்தேன். அதே படத்தோடு, அதே விலையில் அந்த கிட் இன்னும் விற்பனைக்கு இருக்கிறது.