அக்குளில் மட்டும் எரியாத விளக்கு: வீட்டு ஐ.பி.எல். மெஷின், நீண்ட நாள் அனுபவம்

வெளிச்சத்தை அடித்து, வேண்டாத முடியைக் குறைக்கும் இந்த ஐ.பி.எல். மெஷின் காலில் வேலை செய்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதில் பாதிக்குமேல் கோபம்தான். அதைப் படித்துவிட்டு மெஷினே தண்டம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கெண்டைக்காலில் ஷேவ் செய்தால் எனக்கு மறுநாளே முள் முள்ளாகக் குத்தும். இப்போது வாரக்கணக்கில் ரேஸரைத் தொடுவதில்லை. அங்கங்கே நாலைந்து முடி முளைக்கும், அதுவும் மெலிசாக. தடவிப் பார்த்தால்கூடக் கைக்குத் தட்டுப்படாது.

ஆனால் நான் இதை வாங்கியது காலுக்காக இல்லை. அக்குளுக்காக. இத்தனை நாளில் அக்குள் முழுவதும் இது ஒரு தடவைகூட எரிந்ததில்லை.

நடப்பது இதுதான். குளித்து, ஷேவ் செய்து, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் கையைத் தூக்கிக் கண்ணாடி முன் நிற்பேன். மெஷினின் வாயை அக்குளில் அழுத்திப் பொத்தானை அமுக்கினால் உள்ளே விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். ஃப்ளாஷ் வராது. பக்கவாட்டில் இருக்கும் சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும். இந்தத் தோல் மிகவும் கருப்பு, இங்கே அடிக்க மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். இரண்டு விரல் தள்ளி மேல்கையில் வைத்தால் பளிச்சென்று அடிக்கிறது. அங்கே எனக்கு முடியே கிடையாது. குழியின் ஓரமாக ஒரு வளையத்தில் மட்டும் அடித்துக்கொண்டு வரலாம். நடுவில், முடி அடர்த்தியாக இருக்கும் இடத்தில், எதுவும் நடக்காது. கோணத்தை மாற்றி, தோலை இழுத்துப் பிடித்து, அளவை ஒன்றுக்குக் குறைத்து என்ன செய்தாலும் அதே ஆரஞ்சு விளக்குதான்.

ஏன் மறுக்கிறது என்பது எனக்குத் தெரியும். மறுப்பது சரிதான் என்பதும் தெரியும். வெளிச்சத்தால் முடியை அழிக்கும் எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே. ஆண்டர்சன், பேரிஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983இல் சயின்ஸ் இதழில் அதை விளக்கினார்கள்: சுற்றியிருக்கும் திசுவை விட்டுவிட்டு, குறிப்பிட்ட நிறமியை மட்டும் சூடாக்கும்படி வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்ப முடியும். முடியில் இருக்கும் மெலனின் என்ற கருநிறமி வெளிச்சத்தை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூடு வேருக்கு இறங்கி, முடியை மறுபடி வளர்க்கும் செல்களைச் சேதப்படுத்தும். சிக்கல் என்னவென்றால் அதே மெலனின்தான் தோலிலும் இருக்கிறது. தோல் வெளுப்பாகவும் முடி கருப்பாகவும் இருந்தால் சூடு முடிக்குள் போகும். தோலும் கருப்பாக இருந்தால் மேல்தோலே வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு வெந்துபோகும். கொப்புளம் வரும், அது ஆறினாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் போகாது. அதனால்தான் ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் முன்னால் சென்சார் தோலின் நிறத்தைப் பார்த்துவிட்டு அனுமதி கொடுக்கிறது. அது இல்லாத மெஷினை நான் தொடவே மாட்டேன். சென்சாரை ஏமாற்றும் வழிகளை யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

என் கோபம் சென்சார் மேல் இல்லை, பெட்டி மேல். பெட்டியின் பின்பக்கம் ஆறு கட்டங்களில் தோல் நிறம் போட்டிருக்கும். வெளுப்பிலிருந்து கடும் கருப்பு வரை. ஆறாவதற்கு மட்டும் பெருக்கல் குறி. நான் மாநிறம். முன்னங்கையை வைத்துப் பார்த்தால் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் வருவேன். ஆக, உபயோகிக்கலாம் என்று பெட்டி சொல்கிறது. அக்குளைக் காட்டி ஒரு வார்த்தை இல்லை. மாநிறமான ஒரு பெண்ணின் அக்குள் அவள் முன்னங்கை நிறத்தில் இருக்குமா? வருடக்கணக்கில் ஷேவ் செய்து, வாக்ஸ் இழுத்து, துணி உராய்ந்து, அங்கே தோல் இரண்டு மூன்று படி கறுத்துத்தான் கிடக்கும். முட்டியும் அப்படித்தான், தொடை இடுக்கும் அப்படித்தான். அந்தக் கறுப்புக்குப் பயந்துதானே ரேஸரை விட்டு இதற்கு வருகிறோம்! ஆனால் பெட்டியின் முன்பக்கப் படத்தில், வெளுத்த தோலும் நீண்ட காலுமாக ஒரு பெண் அக்குளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அந்த ஆறு கட்டங்களுக்கும் ஒரு கதை உண்டு. ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இல் இந்த வகைப்பாட்டை உருவாக்கினார். ஒளிச் சிகிச்சையில் யாருக்கு எவ்வளவு அளவு கொடுப்பது, யாருக்குத் தோல் எரியும், யாருக்கு எரியாது என்று கணிப்பதற்காக. அப்போது இருந்தவை நாலே வகைகள், வெள்ளைத் தோலை வைத்துப் பிரித்தவை. பழுப்புக்கும் கருப்புக்குமான ஐந்தும் ஆறும் பிற்பாடு சேர்த்தவை. இதைப் படித்த பிறகு அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் சுருக்கென்று இருக்கிறது.

சரி, காலுக்கு வருகிறேன். அங்கே நியாயமாக நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

இதை எல்லோரும் லேசர் என்கிறோம். வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை லேசர் இல்லை. உள்ளே இருப்பது கேமரா ஃப்ளாஷில் இருப்பது மாதிரியான செனான் விளக்கு. லேசர் ஒரே அலைநீளத்தில் அடிக்கும். இது சுமார் 500 நானோமீட்டருக்கு மேலிருந்து 1200 வரை கலந்து அடிக்கும். தீவிரமும் கிளினிக் மெஷினில் சிறு பங்குதான். அதனால் பலன் மெதுவாகத்தான் வரும், விட்டால் திரும்பியும் வரும். முதல் இரண்டு மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்று விடாமல் அடிக்க வேண்டும். ஒரே சமயத்தில் எல்லா முடியும் வளர்நிலையில் இருப்பதில்லை, வளர்நிலையில் வேரோடு ஒட்டியிருக்கும் முடிக்குத்தான் சூடு போய்ச் சேரும். தலைமுடியில் பத்தில் எட்டுக்கு மேல் எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். காலில் அப்படி இல்லை, பெரும்பகுதி ஓய்வில் கிடக்கும். இன்று தப்பித்த முடியை அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோதான் பிடிக்க முடியும். இரண்டு தடவை அடித்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று பரணில் தூக்கிப் போடுபவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அடிப்பதற்கு முன் ஒட்ட ஷேவ் செய்தே ஆக வேண்டும். சரியாகச் செய்யாத நாளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி கருகி, தீய்ந்த வாடை அடிக்கும். மெஷின் வாயில் இருக்கும் கண்ணாடியில் கரும்புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்காமல் தொடர்ந்தால் அந்தப் புள்ளியே சூடாகித் தோலைச் சுடும். ஒவ்வொரு காலுக்கும் நடுவில் ஒரு தடவை துடைத்துவிடுவது நல்லது. வாக்ஸிங்கும் த்ரெடிங்கும் இந்தச் சமயத்தில் கூடாது. முடியை வேரோடு பிடுங்கிவிட்டால் வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோக அங்கே எதுவும் இருக்காது. வலியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கெண்டைச் சதையில் வெதுவெதுப்புதான். கணுக்கால் எலும்பு மேல் சுரீர் என்று இருக்கும். அங்கே வாய் சமமாகப் பதியாததால் பாதி நேரம் எரியவும் எரியாது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் தொடையில் கிடைத்தது. பல வருடம் வாக்ஸ் செய்த தொடை அது. தோலுக்கு வெளியே வராமல் உள்ளேயே சுருண்டுகொண்ட முடிகள் சின்னச் சின்ன கொப்புளங்களாகக் கிளம்பும். கிள்ளாமல் இருந்தாலும் கறுத்த புள்ளியாக நின்றுவிடும். அதற்கு எத்தனையோ க்ரீம் போட்டுப் பார்த்தாயிற்று. இந்த மெஷினில் அடிக்க ஆரம்பித்து முடி மெலிந்த பிறகு, புதிதாகக் கொப்புளம் வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றேபோனது. மெலிந்த முடிக்குத் தோலுக்குள் குத்தித் திரும்பும் கடினம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். பழைய புள்ளிகளும் தாமாகவே வெளுத்துக்கொண்டிருக்கின்றன. ஒருநாள் தொடையில் எண்ணெய் தேய்க்கும்போது, கைக்கு எதுவும் நெரடாமல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு நினைவு தெரிந்து அப்படி இருந்ததே இல்லை. இதற்காக மட்டுமே இந்த மெஷினுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கைக்கு அரைகுறை மார்க். வெயிலில் அலைந்த மாதங்களில் முன்னங்கையிலும் ஆரஞ்சு விளக்குதான். நிழலில் இருந்து நிறம் தெளிந்த பிறகு மறுபடி அடிக்க விடுகிறது. இந்த இடைவெளியில் முடியும் திரும்ப வந்துவிடுகிறது.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் சித்தி மகள். மெஷின் விலை குறைந்திருக்கிறது, வாங்கிவிடலாமா என்று கேட்டாள். காலுக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "இல்லக்கா, தாடைக்கு. மாசம் ரெண்டு தடவ பார்லர்ல போய் உக்கார ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்கு பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறது. மாத்திரையும் சாப்பிடுகிறாள்.

தாடைக்கு வேண்டவே வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அவள் மாதிரி இன்னும் பலர் இதே எண்ணத்தில் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன். லேசரோ ஐ.பி.எல்.லோ, சிலருக்கு முடியைக் குறைப்பதற்குப் பதிலாக அதிகமாக்கிவிடும். பூனைமுடியாக இருந்தது தடித்துக் கறுத்து வளர ஆரம்பிக்கும். மருத்துவ உலகம் நன்றாக அறிந்த பக்கவிளைவு இது. அதிகமாகப் பார்க்கப்படும் இடம் முகமும் கழுத்தும். அதிகமாகப் பார்க்கப்படுபவர்கள் கருமையான தோலும், ஹார்மோன் கோளாறும் உள்ள பெண்கள். வேரை அழிக்கப் போதாத சூடு, தூங்கிக்கொண்டிருக்கும் வேர்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்று கருதப்படுகிறது. போதாத சூடு என்றால் வீட்டு மெஷின்தானே முதலில் நினைவுக்கு வருகிறது! போதாக்குறைக்கு, ஹார்மோன் அடங்காதவரை அங்கே புதுப்புது முடி வந்துகொண்டேயிருக்கும். அவளைத் தோல் மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறேன். தாடையில் தனித்தனியாக நிற்கும் தடித்த முடிகளுக்கு எலெக்ட்ராலிசிஸ் உண்டு. 1875இலிருந்து இருக்கும் முறை, ஒவ்வொரு வேராக ஊசி வைத்து மின்சாரம் கொடுப்பது. நேரம் பிடிக்கும், வலிக்கும். ஆனால் தோல் என்ன நிறம், முடி நரைத்ததா கறுத்ததா என்று அது பார்க்காது.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின், டாக்ஸிசைக்ளின் மாதிரி மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வெளிச்சத்தை மேலே காட்டக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் இது ஆகாது. மச்சத்தின் மேலும் பச்சை குத்திய இடத்திலும் அடிக்கவே கூடாது, அங்கே நிறமி குவிந்திருப்பதால் சுட்டுவிடும். நரைமுடிக்கு எத்தனை தடவை அடித்தாலும் பிரயோஜனமில்லை.

இன்னொன்று, அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி கொடுக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகைக் கருவிகளுக்கு ஒத்துக்கொண்டிருப்பது முடி நீண்டகாலத்துக்குக் குறையும் என்பதைத்தான். நிரந்தரமாக ஒழியும் என்று சொல்ல விட்டதில்லை. பெட்டியில் வழவழவென்று என்ன எழுதியிருந்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் நடுவில் கொஞ்ச காலம் விட்டபோது கால்முடி பாதிக்குப் பாதி திரும்பி வந்தது. மறுபடி மாதாமாதம் அடித்த பிறகுதான் அடங்கியது.

அப்படியும் வாங்கத்தான் போகிறேன் என்பவர்கள், வாங்குவதற்கு முன் தெரிந்தவர்களிடம் இருக்கும் ஒரு மெஷினை இரவல் வாங்கி, கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, மிகக் குறைந்த அளவில், உங்களுக்கு எந்த இடத்தில் வேண்டுமோ அந்த இடத்திலேயே வைத்துப் பாருங்கள். முன்னங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அக்குளுக்கு வாங்காதீர்கள்.

என் முடிவைக் கேட்டால், வாங்க வேண்டாம் என்பதுதான். காலையும் தொடையையும் பற்றி மேலே சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் இந்த மெஷின் நாளைக்கே நின்றுபோனால் இன்னொன்று வாங்க மாட்டேன். அந்தக் காசைச் சேர்த்துவைத்து, கருந்தோலுக்கென்று 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் வைத்திருக்கும் தோல் மருத்துவரிடம் போய் அக்குளை முடித்துக்கொள்வேன். அந்த அலைநீளத்தை மேல்தோலின் மெலனின் குறைவாகத்தான் உறிஞ்சும், ஆழமாகவும் இறங்கும். எங்களுக்கு ஏற்ற வெளிச்சம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. காலுக்கு ரேஸரே போதும், குத்தினால் குத்தட்டும்.