பொட்டாஷ் விலை வரலாறு: ஆண்டு ஒப்பந்தமா, ஸ்பாட் சந்தையா?

2022 பிப்ரவரியில் சீனாவும் இந்தியாவும் பொட்டாஷ் உரத்தை டன் 590 டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டன. ஏப்ரலில் அதே உரம் பிரேசில் துறைமுகங்களில் 1,200 டாலரை ஒட்டி விற்றது. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர்கள் ஒப்பந்தமே மேல் என்று சொல்லிவிடுவார்கள். 2008 முதல் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

முதலில், ஏன் இரண்டு விலை? கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம், ரஷ்யா, பெலாரஸ் ஆகிய மூன்று இடங்களிலிருந்துதான் உலக ஏற்றுமதியின் பெரும்பகுதி வருகிறது. கச்சா எண்ணெய்க்கு இருப்பதுபோல உலகமே கவனிக்கும் ஒரே சந்தை விலை பொட்டாஷுக்கு இல்லை. சீனாவும் இந்தியாவும் பெரிய அளவுக்குப் பேரம் பேசி, பல மாதங்களுக்கு ஒரே விலையை முடித்துக்கொள்கின்றன. பிரேசில் இறக்குமதியாளர்கள் கப்பலுக்குக் கப்பல், அன்றைய நிலவரப்படி வாங்குகிறார்கள்; இதுதான் ஸ்பாட் சந்தை. பிரேசில் வாங்குவது பெரும்பாலும் குருணை வகை, சீனா வாங்குவது பெரும்பாலும் தூள் வகை. குருணைக்குச் சற்றுக் கூடுதல் விலை உண்டு. அதனால் இரண்டையும் டாலருக்கு டாலர் ஒப்பிடக் கூடாது. ஆனாலும் 600 டாலர் இடைவெளியை அந்த வித்தியாசம் விளக்கிவிடாது.

விலை ஏறும் காலத்தில் ஒப்பந்தக்காரர்தான் பிழைக்கிறார். 2006 அக்டோபரில் ரஷ்யாவின் உரால்காலி நிறுவனத்தின் பெரெஸ்னிகி சுரங்கம் ஒன்றில் வெள்ளம் புகுந்தது. அப்புறம் தானிய விலையும் எகிற, 2008-இல் சீனா ஒரே பேரத்தில் டன்னுக்கு 400 டாலர் உயர்வை ஏற்க வேண்டிவந்தது. இந்தியா கொடுத்தது 625 டாலர். அநியாய விலை என்று அப்போது பேசப்பட்டது. ஆனால் ஸ்பாட் சந்தை சில மாதங்களில் ஆயிரம் டாலரைத் தொட்டதும், அதுவே மலிவாகத் தெரிந்தது. 2022-இலும் இதே கதைதான். பெலாரஸ் மீது தடைகள் விழுந்தன, லித்துவேனியா தன் ரயில் பாதையை அந்நாட்டுப் பொட்டாஷுக்கு மூடியது, உக்ரைன் போர் தொடங்கியது. பிப்ரவரியிலேயே விலையை முடித்துவைத்தவர்கள் தப்பித்தார்கள்.

இறங்கும் காலத்தில்தான் ஒப்பந்தத்தின் மறுபக்கம் தெரிகிறது. என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே அதிகம் கற்றுத்தரும் ஆண்டு 2009. நிதி நெருக்கடியில் தேவை சரிந்து, ஸ்பாட் விலை விழுந்துகொண்டே இருந்தது. இந்தியா ஜூலையில் 460 டாலருக்குக் கையெழுத்திட்டது. சீனா கையெழுத்திடவில்லை. ஏறக்குறைய ஆண்டு முழுவதும் காத்திருந்து, டிசம்பரில் 350 டாலருக்கு முடித்தது. 2023-இலும் இதே வரிசை: ஏப்ரலில் இந்தியா 422, ஜூனில் சீனா 307. இரண்டு மாதக் காத்திருப்புக்கு டன்னுக்கு 115 டாலர் கிடைத்தது.

சீனாவால் மட்டும் எப்படிக் காத்திருக்க முடிகிறது? சிங்ஹாய் மாகாணத்தின் உப்பு ஏரிகளிலிருந்து தன் தேவையில் கணிசமான பங்கை அதுவே எடுக்கிறது. துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் கையிருப்பு வைத்திருக்கிறது. இந்தியா பொட்டாஷுக்குப் பெருமளவு இறக்குமதியையே நம்பியிருக்கிறது. விதைப்புக் காலம் நெருங்கும்போது விலை இறங்கட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. ஆக, இருவரும் ஒப்பந்தம் போடுகிறார்கள் என்றாலும் இருவர் கையிலும் இருப்பது ஒரே ஆயுதம் இல்லை. பிரேசிலும் 95 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடுதான். ஆனால் விலை இறங்கினால் அந்தப் பலன் அங்கே அடுத்த கப்பலிலேயே வந்துவிடுகிறது.

விற்பவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒப்பந்த விலை உயரமாக நின்றதற்கு அவர்களின் ஒற்றுமையே பெரிய காரணம். கனடா நிறுவனங்கள் கன்போடெக்ஸ் என்ற கூட்டு ஏற்றுமதி நிறுவனம் வழியாகவும், ரஷ்யாவின் உரால்காலியும் பெலாரஸ் நாட்டின் பெலாரஸ்காலியும் ஒரு கூட்டு வர்த்தக நிறுவனம் வழியாகவும் விற்றன. விலை இறங்கினால் உற்பத்தியைக் குறைப்பதே வழக்கம். 2013 ஜூலை இறுதியில் உரால்காலி அந்தக் கூட்டை உடைத்து, இனி அதிக அளவில் விற்பதே தன் வழி என்று அறிவித்தது. ஒரு மாதத்துக்குள் அதன் தலைமை அதிகாரி பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் கைது செய்யப்பட்டார் என்றால், எவ்வளவு பணம் பணயத்தில் இருந்தது என்று புரியும். அந்த ஆண்டின் முதல் பாதியில் 400 டாலர் கொடுத்த சீனா, 2014 ஜனவரியில் 305-க்கு முடித்தது. 2016-இல் அது 219 டாலருக்கு வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் போட்டதாலேயே சரக்கு வந்துவிடாது. 2021 தொடக்கத்தில் பெலாரஸ் நிறுவனம் 247 டாலருக்கு இந்தியாவுடனும் சீனாவுடனும் கையெழுத்திட்டபோது, ஸ்பாட் சந்தை ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தது. இந்த விலை சந்தையைக் காட்டவில்லை என்று உரால்காலி எதிர்ப்புத் தெரிவித்தது. அதிக விலை தருபவர் இருக்கும்போது கப்பல் அங்கேதான் போகும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பல மாதக் கையிருப்பு வைத்திருக்கும் பெரிய வாங்குநருக்கு ஒப்பந்தம்தான் பொருத்தம், அதுவும் கடைசியாகக் கையெழுத்திடுபவராக இருந்தால். கையிருப்பு இல்லாதவர் முழு ஆண்டுத் தேவையையும் ஒரே விலையில் கட்டிப்போடுவது ஆபத்து. ஒரு பகுதியை ஒப்பந்தத்திலும் மீதியை ஸ்பாட் சந்தையிலும் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். சந்தை அமைதியாக இருக்கும் ஆண்டுகளில் இந்தத் தேர்வால் பெரிய வித்தியாசம் வராது. 2025 ஜூனில் இந்தியா 349 டாலருக்கும், சில நாள் கழித்துச் சீனா 346 டாலருக்கும் முடித்தன. காத்திருந்ததில் கிடைத்தது 3 டாலர்தான்.