என்.வி.எஸ். சொற்களஞ்சியச் சேவை: மண்டபம் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

குருசடைத் தீவை ஒட்டிய கடலைப் பற்றி உயிரியலாளர், மண்ணியலாளர், செயற்கைக்கோள் தரவைக் கையாள்பவர் ஆகிய மூவரும் சேர்த்த பதிவுகளை ஒன்றாக்கும் பணி எனக்கு வந்தபோது, மூன்று அட்டவணைகளிலும் ‘வெப்பநிலை’ என்ற ஒரே தலைப்புதான் இருந்தது. முதலாவது பவளத் திட்டின் ஆழத்தில் உள்ள நீரின் வெப்பம். இரண்டாவது கரையோர மணலின் வெப்பம். மூன்றாவது அகச்சிவப்பு உணரி காணும் கடலின் மேல்தோல் வெப்பம். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் நேர்ந்த பவள வெளுப்பை (கடல் சூடாகிப் பவளங்கள் நிறமிழப்பதை) போன்ற ஒன்றை ஆராய்பவருக்கு, இம்மூன்றையும் கலந்த அட்டவணை தவறான விடையையே தரும்.

இதற்காக நான் நாடியது, பிரிட்டிஷ் கடலியல் தரவு மையம் கட்டணமின்றி வழங்கும் என்.வி.எஸ். (NERC Vocabulary Server) சேவை; அளவுகள், அலகுகள் போன்ற கருத்துகளுக்குக் குறியீடுகள் தரும் இணையப் பட்டியல்களின் தொகுப்பு இது. இதில் ஒவ்வொரு கருத்துக்கும் நிலையான இணைய முகவரி உண்டு. நீரின் வெப்பத்துக்கு டெம்ப்பிஆர்01 (TEMPPR01), செல்சியஸ் அலகுக்கு யுபிஏஏ (UPAA) என்ற குறியீடுகளை இட்டுவிட்டால், நெடுவரிசையின் தலைப்பு எந்த மொழியில் இருந்தாலும் கணினி பொருளை அறியும். மேல்தோல் வெப்பத்துக்குத் தனிப்பெயர், தட்பவெப்ப, வானிலைத் தரவுக்கான நிலைப்பெயர்கள் அடங்கிய பி07 (P07) பட்டியலில் இருக்கிறது.

இச்சேவைக்கு அடிப்படையான ஸ்கோஸ் (SKOS) தரநிலை, அதாவது கருத்துகளுக்கு இடையிலான உறவுகளைக் கணினிக்குப் புரியும்படி பதியும் முறை, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பு 2009-இல் பரிந்துரைத்தது, எங்கள் உள்ளூர்ச் சொற்களுக்கு இன்னும் பெரிய துணையாயிற்று. இங்குள்ள மீனவர்கள் ‘பார்’ என்று சொல்வது பவளத் திட்டையும் குறிக்கும், வெறும் கற்பாறைத் தரையையும் குறிக்கும். ‘பார்’ என்பதும் பவளத் திட்டும் முற்றிலும் ஒன்று என்று ஒருவரும், ‘பார்’ என்பதும் மணற்கல்லும் ஒன்று என்று மற்றொருவரும் பதிந்தால், அவ்வுறவு சங்கிலியாகத் தொடர்வதால், பவளமும் மணற்கல்லும் ஒன்றே என்று கணினி முடிவுகட்டிவிடும். எனவே ‘பார்’ என்பதை இரண்டுக்கும் மேலான விரிந்த கருத்தாக எங்கள் பட்டியலில் வைத்தோம். மீனவரின் சொல்லைத் திருத்தாமல், அதன் அகலத்தை அப்படியே காப்பாற்ற முடிந்தது எனக்கு மிகுந்த நிறைவளித்தது.

அளவீடுகளுக்கான பல்லாயிரம் குறியீடுகள் கொண்ட பி01 (P01) பட்டியலில் நேரடியாகத் தேடுவது புதியவருக்குக் கடினம்; பொதுவான வகைகளைத் தரும் பி02 (P02) பட்டியலில் தொடங்கிக் கீழிறங்குவதே நல்லது. அலகு மாற்றத்தை நாமே செய்ய வேண்டும். தவறான குறியீட்டை இட்டாலும் எச்சரிக்கை வராது என்பதால், அளவெடுத்தவரை அருகில் வைத்துக்கொண்டே குறியிடுங்கள். எங்கள் மணல் வெப்பப் பதிவு எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது என்பதை அப்படிக் கேட்ட பிறகே அறிந்தோம்.