காஞ்சிப் பட்டு: நெடுநாள் உடுத்திய பிறகு தெரிபவை

என் திருமணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டுப்புடவையை ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக உடுத்தி வருகிறேன். மாம்பழ மஞ்சள் உடல், இருபுறமும் அகலமான அரக்குக் கரை, அதே அரக்கில் முந்தி. கடை விளக்கொளியில் எல்லாப் பட்டும் மின்னத்தான் செய்யும். மடிப்பில் இழை விடுகிறதா, ஜரிகை கறுக்கிறதா, கரை உடலோடு ஒட்டி நிற்கிறதா என்பதெல்லாம் பல முகூர்த்தங்களைக் கண்ட பிறகே தெரியவரும்.

இந்தப் புடவையில் இன்றளவும் தளராதது கோர்வை. உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு ஒவ்வொன்று என குறுக்கிழையை ஓட்டும் மூன்று நாடாக்களைக் கொண்டு, உடலின் ஊடையும் (குறுக்கிழையும்) கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி நெய்வதைத்தான் கோர்வை என்கிறார்கள். இதற்குத் தறியில் நெசவாளரோடு இன்னொருவரும் உட்கார வேண்டும். விலை ஏறுவதற்கு அந்த இரண்டாவது ஆளின் உழைப்பும் ஒரு காரணம். உடலும் கரையும் சேருமிடத்தில் ரம்பப் பல் போன்ற ரேக்கு வரிசை ஓடுவதால், மஞ்சள் சற்றும் கலங்காமல் அரக்கு தனித்து நிற்கிறது. முந்தி சேருமிடம் வேறு வகை. அங்கே உடலின் பாவு இழைகளோடு, அதாவது நெடுக்கிழைகளோடு, முந்தியின் பாவு இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் இணைத்திருக்கிறார்கள். பேட்னி எனப்படும் இந்த இணைப்பில், இரண்டு நிறமும் கலந்த மெல்லிய பட்டை ஒன்று குறுக்கே தெரியும். விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் சற்றே சொரசொரப்பாக இருக்கும். அதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. நான் புடவை வாங்கும்போது முதலில் தேடுவதே அதைத்தான்.

கரையில் மயில்கண்ணும் ருத்ராட்சமும், முந்தியில் யாளியும் அன்னமும் வரிசையாக வருகின்றன. கோயில் தூண்களில் பார்த்துப் பழகிய உருவங்கள் என்பதால் இவை பழசாகிப் போவதில்லை. கொட்டடிக் கட்டமும், ஊசி ஊசியாகக் கோடுகள் இறங்கும் வைரஊசியும் அடுத்த தலைமுறைப் பெண்களுக்கும் பிடிக்கின்றன. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலத்தை இன்றும் கடையில் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். உடல் முழுக்க ஜரிகையாக நெய்த ‘டிஷ்யூ’ வகை மட்டும் எனக்கு உவப்பில்லை. பந்தியில் உட்கார்ந்து எழுவதற்குள் கசங்கிவிடுகிறது.

ஜரிகையின் தரம் ஆண்டுகள் போகப்போகத்தான் வெளிப்படும். சிவப்புச் சாயமேற்றிய பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசினால் அசல் ஜரிகை. பிற்பாடு நகரத்துக் கடையொன்றில் ‘சுத்த ஜரிகை’ என்று சொல்லித் தந்த ஒரு லேசான புடவை, சில ஆண்டுகளிலேயே கரை முழுவதும் செம்பு நிறமாக மங்கி, ஓர் இழையைச் சுரண்டியபோது உள்ளே சிவப்புப் பட்டுக்குப் பதில் வெள்ளை நூலைக் காட்டியது. திருமணப் புடவையின் ஜரிகையும் பளபளப்பைக் கொஞ்சம் இழந்திருக்கிறது, ஆனால் அது அடங்கிய பொன்னிறமாகவே இருக்கிறது. தெருவில் பழைய பட்டுப்புடவை கேட்டு வருபவர்கள் ஜரிகையிலுள்ள வெள்ளிக்காகத்தான் அதை எடுக்கிறார்கள். அசல் ஜரிகைக்கு ஒரு விலையும் மற்றதற்கு வேறு விலையும் சொல்வார்கள்.

பராமரிப்புக்குப் பெரிய செலவு ஆனதில்லை. உடுத்திய பின் நிழலில் காற்றாட விட்டு, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, பக்கத்தில் வசம்பு வைத்துவிடுவேன். அந்துருண்டை போடுவதில்லை, வாசனைத் தெளிப்பான்களை ஜரிகைமேல் படவிடுவதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுவது எல்லாவற்றிலும் முக்கியம், ஏனெனில் ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டு அந்தக் கோட்டிலேயே கிழியும். இருந்தும் கொசுவத்தின் அடிப்பகுதியில் இழைகள் தேய்ந்து, ஃபால்ஸை இரண்டு முறை மாற்ற வேண்டியதாயிற்று. கனமும் ஒரு குறைதான். சித்திரை முகூர்த்தத்தில் காலை முதல் மாலை வரை இதை உடுத்தியிருப்பது உண்மையிலேயே சிரமம்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கடைகளில் பெரும்பாலும் சில்க் மார்க் முத்திரையைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த முத்திரை பட்டின் தூய்மைக்கு மட்டுமே உறுதி தரும். கைத்தறியா என்பதற்கோ ஜரிகை எத்தகையது என்பதற்கோ அது பொறுப்பில்லை. ஆகவே ஜரிகைச் சோதனையைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். கையிருப்பு குறைவென்றால் கரையின் அகலத்தையும், புட்டா எனப்படும் சிறு பூவேலைகளையும் குறைத்துக்கொண்டு, கோர்வையும் அசல் ஜரிகையும் உள்ள புடவையாகவே எடுக்கலாம்.