விண்வெளிப் பனியை மாற்றுவது எது: புற ஊதாவா, காஸ்மிக் கதிரா?

விண்மீன்களுக்கு இடையே உள்ள இருண்ட மேகங்களில் சுமார் 10 கெல்வின் (மைனஸ் 263 டிகிரி செல்சியஸ்) குளிர். அங்கே தூசித் துகள்கள் மேல் நீரும் கார்பன் மோனாக்சைடும் மெத்தனாலும் பனியாக உறைந்து கிடக்கும். இந்தப் பனியின் மூலக்கூறுகளை உடைத்து மாற்றுவது எது என்பதுதான் கேள்வி.

புற ஊதா ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், ஒரு நேரத்தில் ஒரு மூலக்கூறைத்தான் தாக்கும். ஹைட்ரஜன் உமிழும் லைமன் ஆல்ஃபா ஒளிக்கு 10.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். நீரை உடைக்க அது தாராளம். கார்பன் மோனாக்சைடின் பிணைப்புக்கோ 11-க்கு மேல் வேண்டும், அங்கே நேரடியாகப் பலிக்காது.

காஸ்மிக் கதிருக்கு, அதாவது விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் புரோட்டான் போன்ற துகள்களுக்கு, அந்தத் தடை இல்லை. வேகமான ஒரு புரோட்டான், பனி படிந்த தூசித் துகளையே துளைத்துக்கொண்டு போகும். வழிநெடுக எலெக்ட்ரான்களைத் தெறிக்கவிடும். பிணைப்புகளை உடைப்பதில் பெரும்பங்கு அந்த எலெக்ட்ரான்களுக்குத்தான்.

சரி, புற ஊதா சும்மாவா? இல்லவே இல்லை. 2002-இல் புற ஊதா பாய்ச்சிய ஆய்வகச் செயற்கைப் பனியின் எச்சத்தில், புரதங்களின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் கிடைத்தன. ஆனாலும் அடர்ந்த மேகத்துக்குள் என் ஓட்டு காஸ்மிக் கதிருக்கே. விண்மீன் ஒளி நுழையாத அந்த ஆழத்தில், ஹைட்ரஜனைக் கிளர்த்திப் புற ஊதாவை உண்டாக்குவதும் அதுதான்.